பதினாறாம் நாள் பூட்டிக்கொண்ட திரை

சுங்கை பினாங்கில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஆனால் வெளிச்சம் சாயங்காலம் ஆறரை மணிக்கு இருப்பதுபோல இருந்தது. மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று காலைதான் நின்றிருந்தது. நின்றதே தவிர, மேகம் கலையவில்லை. ஆற்றிலிருந்து ஏறி வந்த சேற்று வாடை லிப்டுக்குள்ளும் நுழைந்து என்னோடு ஒன்பதாவது மாடிவரை வந்தது.

வீட்டுக் கணினிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஜெலுத்தோங்கில் ஹனீபா அண்ணன் வைத்திருக்கும் சின்னக் கடையில் ஐந்து வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் வீடுகளுக்கே போய்ப் பார்ப்பேன். திறக்காத கணினி, மறந்துபோன கடவுச்சொல், யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற பயம், இவைதான் அதிகம் வரும். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பார். கணவராக, மகளாக, ஒரு தடவை விசைப்பலகையின் மேல் படுத்துத் தூங்கும் பூனையாக.

அந்த நீண்ட நடைபாதையில் எல்லா வீட்டுக் கம்பிகளிலும் காயாத துணிகள் தொங்கின. கடைசிக்கு முந்தின வீட்டு வாசலில் ஒரு பெரிய பயணப்பை. அதன்மேல் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், காலணி போட்டபடி உட்கார்ந்திருந்தார்.

“கம்ப்யூட்டர் பார்க்க வந்தவங்களா?”

“ஆமாண்ணே. ரூபினி.”

“நல்லா பாருங்க. நான் இந்த வீட்டுல இருக்கறதா, கிளம்பறதான்னு நீங்கதான் சொல்லப் போறீங்களாம்.”

சிரித்தார். சிரிப்பில் தூக்கமில்லாத களைப்புதான் இருந்தது. அவர் பெயர் குணாளன் என்பது, உள்ளேயிருந்து வந்த குரலில் தெரிந்தது.

“குணாளா, வழியை விடு. அந்தப் பிள்ளை உள்ள வரட்டும்.”

தனலெட்சுமி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். மருத்துவமனை ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறார். கதவைத் திறந்த கையில் பிளீச் வாசனை இருந்தது. கூடத்தை ஒட்டிய சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. அவர் அதைத் திறப்பதற்கு முன் மூன்று முறை விரலால் தட்டினார். யார் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அறை காலியாக இருந்தது.

ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல் பழைய கணினி. அவ்வளவுதான். சாம்பிராணி வாசனை சுவரில் ஊறிப்போயிருந்தது.

“இது என் வீட்டுக்காரரோடது. சிவநேசன். போன ஜூன்ல தவறிட்டாரு,” என்றார். “அதுக்கப்புறம் துணைக்கு இருக்கட்டும்னுதான் தம்பியை பாகான் டாலாம்லேர்ந்து வரச் சொன்னேன். இப்ப என்னடான்னா, நான் வேலை முடிஞ்சு வந்து இதைத் திறந்தா, பத்து தடவை தப்பா போட்டாச்சு, பூட்டியாச்சுன்னு காட்டுது. தினமும். நான் தொடவே இல்லை. வீட்டுல இருக்கறது நாங்க ரெண்டு பேரு.”

“ஹேக்கரா இருக்கும்னு சொல்லிட்டேன். நம்பல,” என்றார் குணாளன் வாசலிலிருந்து.

“இந்தப் பழைய டப்பாவை எவன்டா ஹேக் பண்ணுவான்? போன ஞாயித்துக்கெழமை என் காதால தட்டுற சத்தம் கேட்டேன். ஓடி வந்து பார்த்தா, ஆள் இல்லை. நீ பாத்ரூம்லேர்ந்து வர்றே.”

“குளிச்சா பாத்ரூம்லேர்ந்துதான்க்கா வருவாங்க.”

அக்கா என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் மற்றதைச் சொன்னார். பக்கவாதம் வந்த பிறகு சிவநேசனுக்குப் பேச்சு போய்விட்டது. பேச்சுப் பயிற்சிக்கு நாற்பது சொற்கள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பதிவு செய்வாராம். கதவு. தண்ணி. சோறு. சட்டை. தனம். ஏழு மாதப் பதிவுகள் இந்தக் கணினியில் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா அவற்றைச் சத்தமாகப் போட்டுக் கேட்கிறார்.

“அதைக் கேட்கக் கூடாதுங்கறான் இவன். போதும்க்கா, வித்துடலாம்கறான். அதை அழிக்கத்தான் உள்ள போகப் பார்க்கறான். இவன்தான்னு மட்டும் காட்டிடும்மா. இன்னிக்கே போகட்டும்.”

“நான் பேகைக் கட்டிட்டேன் லா,” என்றார் குணாளன்.

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

திரையில் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பூட்டுப் பக்கம்தான் இருந்தது. படம் வைக்காதவர்களுக்குக் கணினியே கொடுக்கும் சாம்பல் நிற வட்டம். அதற்குள் கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு தலை, இரண்டு தோள். கீழே சிவநேசனின் பெயர். அதற்கும் கீழே கடவுச்சொல்லுக்கான கட்டம்.

அந்த முகமில்லாத தலையின் நெற்றியில் ஒரு பொட்டு இருந்தது.

சந்தனமும் அதன்மேல் குங்குமமும். கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கலாம் என்று பையிலிருந்து துணியை எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அது இருக்கட்டும்.”

பிறகு அவரே விளக்கினார். பதினாறாம் நாள் படையலுக்குச் சட்டம் போட்ட படம் வந்து சேரவில்லை. படக்கடைக்காரர் நாளை என்றார். அதனால் சிவநேசனின் படத்தை இந்தத் திரையிலேயே பெரிதாக வைத்து, மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள். பெயர் சொல்லி, வந்து சாப்பிடுங்க என்று கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே காத்திருந்தார்கள். பிறகு மூன்று முறை தட்டித் திறந்தார்கள்.

“திறந்து பார்த்தா படம் இல்லை. இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. பத்து நிமிஷம் யாரும் தொடலன்னா தானா பூட்டிக்குமாமே. எங்களுக்கு அது தோணவே இல்லை.”

வேலையைப் பார்ப்போம் என்று, என் வழக்கப்படி ஒரு தாளை நீட்டினேன்.

“பாஸ்வேர்டை வாயால சொல்லாதீங்கக்கா. எழுதிக் காட்டுங்க.”

வாடிக்கையாளர்கள் எல்லாரிடமும் இதைத்தான் சொல்வேன். யார் காதில் விழும் என்று தெரியாது. அக்கா எழுதிக் காட்டினார். நான் தட்டினேன். திறந்தது. தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினேன். பிறகு ஒவ்வொன்றாகத் தேடினேன். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் எதுவும் இல்லை. தெரியாத பயனர் பெயர் இல்லை. வைரஸ் இல்லை. நான்கு மாதமாகப் புதிதாக எதுவும் நிறுவப்படவில்லை. இவ்வளவு சுத்தமான கணினியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் கைப்பேசி அடித்தது. ஹனீபா அண்ணன்.

“ரூபினி, கடை லேப்டாப் பாஸ்வேர்ட் என்னம்மா? கஸ்டமர் நிக்கறாரு.”

நடைபாதைக்குப் போய்ப் பேசியிருக்கலாம். எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. “மழைக்காலம்ணே. எல்லாம் சின்ன எழுத்து. கடைசியில ஒரு நம்பர். நம்ம கடையில எத்தனை நாற்காலி இருக்கோ அது.”

“அதை இப்ப நான் எண்ணிப் பார்க்கணுமா?”

“எண்ணிப் பாருங்கண்ணே.”

வைத்துவிட்டுத் திரும்பினால், அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாக அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். “எங்களை மட்டும் எழுதச் சொல்றே.”

நானும் சிரித்தேன். பிறகு பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்தேன்.

கணினி ஒவ்வொரு நுழைவையும் ஒவ்வொரு தவறான முயற்சியையும் நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். முயற்சி எங்கிருந்து வந்தது என்றும் எழுதும். தூரத்திலிருந்து வந்தால் ஓர் எண், கணினியின் முன்னாலேயே இருந்து தட்டினால் வேறோர் எண். நான் கீழே இழுத்துக்கொண்டே போனேன். முடியவில்லை. ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு நாளும் பத்து. ஒன்றுகூட வெளியிலிருந்து வரவில்லை.

எல்லாம் இந்த மேசையிலிருந்து.

எல்லாம் பிற்பகல் ஒன்று இருபதுக்கு.

“அண்ணே,” என்று கூப்பிட்டேன். “கிழமை நாள்ல ஒண்ணு இருபதுக்கு எங்க இருப்பீங்க?”

“பாலம் தாண்டி மாக் மண்டின்ல, பேக்டரில. ஏழு மணிக்கு உள்ள போனா நாலரைக்குத்தான் வெளிய விடுவாங்க. கார்டு தட்டின நேரம் எல்லாம் போன்லயே இருக்கு.” கைப்பேசியை நீட்டினார். தேதி தேதியாக ஒப்பிட்டேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனிதர் இந்த விசைகளைத் தட்ட முடியாது.

“அக்கா, இது தம்பி இல்லை.”

அக்கா தம்பியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “பேகை உள்ள எடுத்து வை,” என்றார் மெதுவாக. குணாளன் அசையவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் தடவை என்னிக்குன்னு இருக்கா?”

பார்த்தேன். தேதியைச் சொன்னேன்.

“பதினாறாம் நாள்,” என்றார் அக்கா.

“மணி?” என்றார் குணாளன்.

“ஒண்ணு இருபது.”

“அப்ப நாங்க எல்லாரும் வெளிய நின்னுட்டிருந்தோம். கதவு சாத்தியிருந்துச்சு.” குணாளன் அக்கா பக்கம் திரும்பினார். “அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லல. தட்டிட்டு நான்தான் முதல்ல உள்ள போனேன். இலை மூடியிருந்துச்சு. சாப்பிட்டு எழுந்தவங்க மடிச்சு மூடற மாதிரி. நீ பார்க்கறதுக்குள்ள விரிச்சு வச்சுட்டேன். அதான் இதை வித்துடலாம்னு சொல்லிட்டிருந்தேன்.”

கீழே சாலையில் ஏதோ ஒரு கார் ஹாரன் அடித்தது. கணினியின் மூலையில் மணியைப் பார்த்தேன்.

ஒன்று பதினெட்டு.

இன்று சனிக்கிழமை. நாம் மூவரும் இங்கேயே இருக்கிறோம், பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இப்போது நினைத்தால், அப்படித் தோன்றியிருக்கவே கூடாது. திரையைப் பூட்டினேன். சாம்பல் வட்டம் வந்தது. தலை மிகச் சரியாகப் பொட்டுக்குக் கீழே வந்து நின்றது. விசைப்பலகையின் கம்பியைக் கழற்றி, அதை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாம்பிராணி வாசனை கூடியதுபோல இருந்தது.

டக்.

மடியில் இருந்த விசைகள் அசையவில்லை.

டக். டக் டக் டக்.

சத்தம் விசைப்பலகையிலிருந்து வரவில்லை. கண்ணாடியிலிருந்து வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ நகத்தால் தட்டுவதுபோல, வேகமாக, இரண்டு கை விரல்களாலும்.

கட்டத்துக்குள் புள்ளிகள் நிறைந்தன. ஏழு. தவறு என்றது கணினி.

கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் புள்ளிகளுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள் தெரியும். சுட்டியைக் கண்மேல் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தேன். அடுத்த முறை புள்ளிகள் நிறைந்ததும் அழுத்தினேன்.

ஆங்கில எழுத்துகளில், தண்ணி.

தவறு.

சோறு. தவறு.

சட்டை. தவறு.

தனம்.

அக்காவின் வாயிலிருந்து ஒரு சின்ன ஒலி வந்தது. அழுகையா வேறெதுவுமா என்று சொல்ல முடியவில்லை. “அவருதான்,” என்றார். “அந்தத் தாள்ல இருக்கற வரிசை. அவருதான்.”

“அக்கா, தள்ளி வா,” என்றார் குணாளன்.

“வீட்டுக்குள்ள வர முடியாம நிக்கறாருடா.”

“அத்தானா இருந்தா அத்தானுக்குத் தெரியாதா? அவரே வச்ச பாஸ்வேர்ட்தானே? எதுக்குத் தேடணும்?”

இதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் முதல் பாடமே அதுதான். சொந்தக்காரன் நேராகத் திறப்பான். தெரியாதவன்தான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான்.

“கடைசி மாசம் அவருக்கு என் பேரே மறந்து போச்சு,” என்றார் அக்கா. “தன் பேரையே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாஸ்வேர்ட் எங்கேர்ந்து ஞாபகம் இருக்கும்?”

“அவருக்கு வலது கை வராது. இது பத்து விரலாலயும் தட்டுது, கேளு.”

“செத்தப்புறமும் கை வராமலேயே இருக்குமா?”

புள்ளிகள் நிறைந்துகொண்டே இருந்தன. தம்பி. அக்கா. பேக்டரி. பதிவுகளை அக்கா தினமும் சாயங்காலம் இந்த அறையில் சத்தமாகப் போடுகிறார். இந்த அறையில் இருக்கும் யாரும் நான்கு மாதத்தில் அந்த வரிசையைக் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்பதாவது முறை கண்ணை அழுத்தினேன்.

ரூபினி.

என் பெயரை நான் வாசலில் ஒரு தடவை சொன்னேன். ஹனீபா அண்ணன் கைப்பேசியில் ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான்.

பத்தாவது முறை புள்ளிகள் நீண்டுகொண்டே போயின. கட்டம் நிறைந்த பிறகும் நின்றபாடில்லை. அழுத்தினேன்.

எழுதிக்காட்டுங்க.

கணக்கு பூட்டப்பட்டது, பத்து நிமிடம் கழித்து முயலவும் என்றது கணினி. தட்டல் நின்றது. அந்த அமைதியில் அக்கா மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, திரைக்கு மிக அருகில் குனிந்தார். குழந்தையிடம் பேசுவதுபோல முகம் கனிந்திருந்தது. அவர் மூச்சில் கண்ணாடி பனித்தது.

“நான் சொல்றேன். கேட்டுக்குங்க. முதல்ல...”

நான் மின்கம்பியைப் பிடுங்கினேன்.

திரை கறுத்தது. பொட்டு மட்டும் கறுப்பின் நடுவில் நின்றது. மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஐந்து விநாடி இருக்கும்.

டக்.

டக்.

டக்.

மூன்று முறை. கதவைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டில் தட்டுவதுபோலவே.

குணாளன் அக்காவைத் தோளோடு அணைத்துக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். நான் என் சாமான்களைக் கையில் வந்தபடி பைக்குள் போட்டேன். கூலி வேண்டாம் என்றேன். இதை மறுபடி இயக்காதீர்கள், பதிவுகளைப் பிறகு ஒரு நாள் பகலில் வந்து வேறொன்றில் எடுத்துத் தருகிறேன் என்றேன். அந்தப் பெட்டியை அன்றைக்கே கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். அதைத் தொடக் கை வரவில்லை.

அக்கா சோபாவில் உட்கார்ந்து, தம்பியின் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே,” என்று ஒரு தடவை சொன்னார். குணாளன், “பேக் கட்டினது கட்டினதுதான். நீயும் கிளம்பு. என் வீட்டுக்குப் போயிடலாம்,” என்றார். அக்கா தலையாட்டினார். அந்தச் சட்டை முனையைப் பார்த்தபோது, எப்படியோ இது நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே கடைக்கு வந்தேன். ஹனீபா அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே என்று மட்டும் சொல்லியிருப்பார்.

குணாளன் நேற்று மதியம் அழைத்தார். பதின்மூன்று நாள் கழித்து. வெள்ளிக்கிழமை. ஹனீபா அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, நான் வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா நல்லா இருக்கு,” என்றார். “பாகான் டாலாம்ல எங்கூடத்தான். தினமும் பெர்ரியில வேலைக்குப் போயிட்டு வருது. சரியா சாப்பிடுது. சாயங்காலத்துல எதையும் போட்டுக் கேக்கறதில்லை.”

“நல்லதுண்ணே.”

“ஆனா நேத்து ராத்திரி ஒண்ணு சொல்லிச்சு.” அவருக்குப் பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. “கிளம்பற அன்னிக்கு, நான் சாமான் இறக்கக் கீழ போயிருந்தப்ப, அக்கா அந்தக் கம்ப்யூட்டர்ல கரண்டைப் போட்டுத் திறந்திருக்கு. பாஸ்வேர்டே வேண்டாம்னு எடுத்து விட்டுடுச்சாம். அவரை வாசல்ல நிக்க வச்சுட்டு எப்படிடா வர்றதுன்னு கேக்குது.”

முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

“பாஸ்வேர்டை எடுத்த உடனே என்ன ஆச்சாம்?”

“ஒண்ணும் ஆகலையாம். நேரா திறந்துச்சாம். எல்லாப் பதிவும் அப்படியே இருந்துச்சாம். அறையில சாம்பிராணி வாசனை பட்டுனு போயிடுச்சாம். அவரு நிம்மதியா போயிட்டாருங்குது. நீங்க என்ன நினைக்கறீங்க?”

நான் என்ன நினைத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த தட்டலை நினைத்தேன். படையலன்று பெயர் சொல்லி அழைத்தார்கள். பத்து நிமிடம் கழித்து இலைக்கு முன்னால் இருந்தது சிவநேசனின் முகம் இல்லை. நெற்றியில் பொட்டும் கழுத்தில் மாலையுமாக, முகமே இல்லாத ஒன்று. வந்து சாப்பிட்டது. அதோடு திரை பூட்டிக்கொண்டது. நான்கு மாதமாக அது உள்ளே வருவதற்குத் தேடவில்லை.

வெளியே போவதற்குத் தேடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அக்காவைப் பார்த்துக்குங்க,” என்று வைத்தேன்.

கடை அமைதியாக இருந்தது. பாதி இறக்கிய கதவுக்குக் கீழே தெரு வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் கிடந்தது. சுவரில் கடிகாரம். அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

சாம்பிராணி வாசனை வந்தது.

பக்கத்துக் கடையில் போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதானே.

சாப்பிடுவதற்கு முன் கடை லேப்டாப்பைப் பூட்டி வைத்திருந்தேன். அதன் திரை தானாக ஒளிர்ந்தது. சாம்பல் வட்டம். கடைப் பெயருக்கு யார் படம் வைப்பார்கள். தலையின் நெற்றியில் ஏதோ கறையாகத் தெரிந்தது. மீ கோரெங் மசாலா தெறித்திருக்கும் என்று விரலால் துடைத்தேன். போகவில்லை. துணியால் அழுத்தித் துடைத்தேன்.

கறை உள்பக்கம் இருந்தது.

டக். டக் டக் டக்.

ஊரில் எல்லாருக்கும் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கிறவள் நான். இந்தப் பதின்மூன்று நாளில், அந்த அறையில் வாய்விட்டுச் சொல்லிவிட்ட கடைக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இந்த லேப்டாப்பில்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருடைய பெயரும், வீட்டு முகவரியும், அவர்கள் எழுதிக் காட்டிய தாள்களிலிருந்து நான் குறித்து வைத்த அத்தனையும் இருக்கின்றன.

புள்ளிகள் நிறைந்தன. கை தானாகப் போய்க் கண்ணை அழுத்தியது.

மழைக்காலம்1.

தவறு.

எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்தது. மின்கம்பியைப் பிடுங்கிப் பயனில்லை, பேட்டரி இருக்கிறது என்றும் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழவில்லை. தட்டல் இப்போது அவசரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, எண்ணி எண்ணி.

மழைக்காலம்2.

தவறு.

நான் தலையைத் திருப்பிக் கடையைப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. வாடிக்கையாளர்களுக்காகச் சுவரோரம் ஒன்று. அப்புறம், நான் உட்கார்ந்திருப்பது.